ஒரு படி தவிடு

"உன்னத் தவிட்டுக்குதான்டா வாங்கினோம்" என்று பிள்ளையைச் சீண்டாத வீடு நம் பக்கத்தில் உண்டா? மாமன் சொல்வான், அத்தை சொல்வாள், வழியில் போகிறவர்கூடச் சொல்லிவிட்டுப் போவார். பிள்ளை உதட்டைப் பிதுக்கும். பெற்றவள் வாரி எடுத்து, சும்மா சொன்னாங்கடா கண்ணு என்பாள். அத்தோடு விளையாட்டு முடிந்தது.

புதுச்சேரி முதலியார்பேட்டையில் ஜெயத்தின் வீட்டில் மட்டும் இந்த விளையாட்டு செல்லாது. மகன் இளம்பரிதிக்கு நாலு வயதிருக்கும்போது, இட்லி மாவு வாங்க வந்த எதிர்வீட்டு மாலா தெரியாத்தனமாக அவனிடம் இதைச் சொல்லிவிட்டாள். மாவு அள்ளிக்கொண்டிருந்த ஜெயம் கரண்டியையே அவள்மேல் வீசினாள். மாலா மாவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று போனவள், பல வருஷம் அந்தப் படி ஏறவில்லை. ஒரு கேலிக்கு இவ்வளவு ஆங்காரமா என்று தெருவே பேசிற்று. அது கேலி இல்லை என்று தெருவுக்கு எப்படித் தெரியும்? ஜெயம் அவனை நிஜமாகவே தவிட்டுக்குத்தான் வாங்கியிருந்தாள்.

தொண்ணூற்றேழாம் வருஷம், ஐப்பசி மழை. ஜெயத்தின் வீட்டுக்காரர் ராமலிங்கம் அப்போது பஞ்சாலையில் வேலை பார்த்தார். அவருடைய அண்ணன் பாவாடை ஆற்றுக்கு அந்தப் பக்கம் அரியாங்குப்பத்தில் கொத்தனார். பாவாடையின் மனைவி பார்வதிக்கு முதல் இரண்டும் ஆண் பிள்ளை. இரண்டும் தங்கவில்லை. ஒன்று நாற்பதாம் நாளில் போனது, இன்னொன்று எட்டாம் மாதம் காய்ச்சலில் போனது. மூன்றாவதும் ஆணாகப் பிறந்தபோது அவளுக்குச் சந்தோஷத்தைவிட நடுக்கம்தான் அதிகம்.

பிள்ளை தங்காத வீட்டில் ஒரு வழி செய்வார்கள். பிறந்ததை முறத்தில் கிடத்தி, வேறொருத்தியிடம் ஒரு படி தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். எமன் வந்து பார்த்தால் இது இவள் பிள்ளை இல்லை, விலைக்குப் போனது என்று திரும்பிவிடுவானாம். எமனுக்கு அவ்வளவுதான் புத்தி என்று நம் ஜனங்களுக்கு ஒரு நினைப்பு. விற்பதெல்லாம் பேருக்குத்தான். வாங்கியவள் தெருவாசல் வரைக்கும் தூக்கிப்போய், திரும்பி வந்து, "என் புள்ளைய நீ வளத்துக் குடு" என்று பெற்றவள் மடியிலேயே போட வேண்டும்.

வாங்க வந்தவள் ஜெயம். கல்யாணமாகி ஒன்பது வருஷம், வயிற்றில் ஒன்றும் தங்காதவள். தவிட்டை அளந்து கொட்டினாள், முறத்தோடு பிள்ளையைத் தூக்கினாள், வாசலுக்குப் போனாள். போனவள் திரும்பவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னாள்:

"அக்கா, ஒரு மாசம் எங்கிட்ட இருக்கட்டும்க்கா. இந்த வீட்ல ரெண்டு போயிருக்கு. எதுக்கு பயந்துகினே இருக்கணும்?"

பார்வதியின் பயம் எங்கே இருக்கிறது என்று பார்த்து அந்த இடத்திலேயே கை வைத்தாள். பார்வதி தலையை ஆட்டினாள். பிறந்து ஐந்தே நாளான சிசுவை மார்போடு அணைத்துக்கொண்டு ஜெயம் பாலத்தைத் தாண்டி முதலியார்பேட்டைக்கு வந்தாள். இங்கே அவள் டப்பா பாலைக் கரைத்துப் புகட்டினாள். அங்கே பார்வதி பால் கட்டிக்கொண்டு காய்ச்சலில் கிடந்தாள்.

ஏழாம் நாள் தொப்புள்கொடி விழுந்தது. அதைக் காயவைத்து, வெள்ளியில் சின்னக் குழாய் செய்யச் சொல்லி அதில் அடைத்து, கறுப்புக் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டினாள். பிறப்பைப் பதிய ராமலிங்கம் போனபோது, தாய் பெயர் என்ற இடத்தில் ஜெயம் என்று எழுதிவிட்டு வரச் சொன்னாள். அவர் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நல்ல மனுஷன்தான், ஆனால் நல்ல மனுஷர்கள் பெண்டாட்டியை எதிர்த்துப் பேசாததால் நடக்கிற காரியங்களும் உண்டு.

ஒரு மாதம் ஒரு வருஷமாகி, ஐந்து வருஷமும் ஆயிற்று. பார்வதிக்கு அதற்குப் பிறகு பிள்ளையே பிறக்கவில்லை. பள்ளிக்கூடம் சேர்க்கிற வருஷம் அவள் புதுப் பை ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள்.

"ஜெயம், இனிமே ஒண்ணும் ஆவாது. நல்லா வளந்துட்டான். எங்கூட்டாண்டயே ஸ்கூல் இருக்குது. அனுப்பிடு."

ஜெயம் கிரைண்டரை நிறுத்தவுமில்லை, நிமிர்ந்து பார்க்கவுமில்லை.

"தவிட்ட அளந்து வாங்கிகினியேக்கா. இப்ப வந்து கேட்டா?"

பார்வதி பையைப் பிள்ளையின் தோளில் மாட்டிவிட்டு எழுந்து போனாள். அன்றிலிருந்து அவனுக்கு அவள் பெரிம்மா. பொங்கலுக்கு வருவாள், தீபாவளிக்கு வருவாள், அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள், கடைசி பஸ்ஸுக்கு முன்னால் போய்விடுவாள். விஷயம் தெரிந்த மாமனார் மாமியார் காலமானார்கள். பாவாடை போனார், ராமலிங்கமும் போனார். மிச்சம் தெரிந்தது இரண்டு பொம்பளைகளுக்கு மட்டும். அதில் ஒருத்தி மறந்தே போனாள். இதை நான் ஜெயத்துக்காகச் சப்பைக்கட்டு கட்டச் சொல்லவில்லை. தன் வயிற்றைத் தடவிப் பார்த்து, இவன் உதைத்தது இந்தப் பக்கம்தான் என்று மருமகளிடம் சொல்கிற அளவுக்கு அவள் மறந்திருந்தாள்.

இளம்பரிதி ஊரில் ஆயிரம் பையன்களில் ஒரு பையன். கணக்கில் ஒரு தடவை தோற்று மறு தடவை கரையேறினான். ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்து, தட்டாஞ்சாவடியில் கேட்டும் கிரில்லும் செய்கிற பட்டறையில் சேர்ந்தான். அவனுடைய சட்டை எல்லாவற்றிலும் பொறி பட்ட பொத்தல் இருக்கும். அரை வேக்காட்டு முட்டையென்றால் உயிர். சின்ன வயதிலிருந்து கிரைண்டர் ஓடினால்தான் தூக்கம் வரும். வளர்ந்து மீசை வைத்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிரைண்டர் பக்கத்தில்தான் பாயைப் போடுவான். துணிக்கடையில் வேலை பார்த்த மேனகாவை விரும்பிக் கட்டிக்கொண்டான். அவள்கூட, இந்தச் சத்தத்தில் எப்படித்தான் தூங்குகிறானோ என்று சிரிப்பாள்.

அவன் பட்டாளத்துக்கு ஆசைப்பட்டதற்கு நம் ஊர்தான் காரணம் என்பேன். வேறு ஊரில் பட்டாளம் என்றால் தாய்மார்கள் வாசலை மறிப்பார்கள். புதுச்சேரியில் அப்படியில்லை. இங்கே பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவரைச் சொல்தா என்பார்கள். பக்கத்துத் தெரு அருளானந்தம் சொல்தாதான். மாடி வீடு, சாகிறவரைக்கும் பென்ஷன், பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாளான ஜூலை பதினாலுக்கு மெடல் குத்திக்கொண்டு கடற்கரைக்குப் போகிற மிடுக்கு. இளம்பரிதி அவர் வீட்டுக்கு கேட் மாட்டப் போனான். ஒரு வாரம் அந்த வீட்டைப் பார்த்தான். அயல்நாட்டுப் பட்டாளம் என்றால் இப்படித்தான் முடியும் என்று மனதில் எழுதிக்கொண்டான். இந்த ஊரில் சொல்தா என்றால் பென்ஷன் வாங்குகிறவர். செத்தவர்களுக்குக் கடற்கரையில் சிலை உண்டு, அதைப் பார்த்து யார் பயந்தார்கள்?

ஆகவே ஒரு ஏஜெண்டு வந்து, ரஷ்யாவில் பட்டாளக் கிடங்கில் எடுபிடி வேலை, ஒரு வருஷம் இருந்தால் அந்த நாட்டுக் குடியுரிமை என்றபோது, பையன் மயங்கிவிட்டான்.

"அருளானந்தம் சார் மாதிரிம்மா" என்றான். "சண்டை கிண்டைலாம் இல்ல. மூட்ட தூக்கற வேலதான்."

இரண்டாயிரத்து இருபத்து நாலு ஜனவரியில் போனான். போகும்போது போனில் கிரைண்டர் சத்தத்தைப் பத்து நிமிஷம் பதிவு செய்து எடுத்துப்போனான். அங்கே போனதும் படிக்கத் தெரியாத பாஷையில் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்களாம். பத்து நாள் பயிற்சி. பிறகு குரல் செய்தி வந்தது: "அம்மா, மூட்டலாம் இல்லம்மா. துப்பாக்கி குடுத்துட்டாங்க. மேனகாகிட்ட சொல்லாத." மேனகா பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜூன் மாதம் கடைசியாக ஒன்று வந்தது. பின்னால் என்னவோ இடிக்கிற சத்தம். "குளுரு இல்லம்மா இப்ப. தூக்கந்தான் வரல." அவ்வளவுதான்.

அப்புறம் கூட இருந்த கேரளத்துப் பையன் ஒருவன் கூப்பிட்டான். ஒரு மரவரிசை ஓரம் இளம்பரிதி விழுந்ததைப் பார்த்தானாம். தூக்க முடியவில்லையாம். ஏஜெண்டு போனை அணைத்துவிட்டான். அரசாங்கக் காகிதத்தில் 'காணவில்லை' என்று வந்தது. பொட்டு வைப்பதா அழிப்பதா என்று தெரியாமல் மேனகா ஒவ்வொரு காலையிலும் கண்ணாடி முன்னால் நின்றாள், வைத்தாள்.

அடுத்த வருஷம் பிப்ரவரியில், அடையாளம் தெரியாத உடல்கள் அங்கே இருக்கின்றன, ஒத்துப் பார்க்க ரத்தம் வேண்டும் என்று ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். நர்ஸ் கேட்டாள்: "பெத்த அம்மா நீங்கதானே? சொந்த ரத்தமாத்தான் இருக்கணும்."

"நான் பெக்காம வேற யாரு பெத்தா?" என்று சுள்ளென்று விழுந்தாள் ஜெயம். விரலில் குத்தி ஒரு அட்டையில் சொட்டு வைத்துக்கொண்டார்கள். அவள் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவளுக்கு அதுதான் நிஜம்.

ஏப்ரலில் போன் வந்தது. ஒரு உடலோடு ஒத்துப் பார்த்தார்கள், ஒத்துவரவில்லை. அது உங்கள் மகன் இல்லை.

மேனகா போனைக் கீழே போட்டுவிட்டு அத்தையைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். "அவரு இல்ல அத்த! எங்கியோ இருக்காரு! புடிச்சி வச்சிருப்பாங்க, வந்துருவாரு!" கேசரி கிண்டி எதிர்வீட்டு மாலாவுக்குக்கூடக் கொடுத்துவிட்டு வந்தாள். ஜெயமும் சிரித்தாள், ஒரு வாய் கேசரி போட்டுக்கொண்டாள். அது தொண்டையில் இறங்கும்போதுதான் அவளுக்கு முறம் ஞாபகம் வந்தது.

மறுநாள் மாவு கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு கலெக்டர் ஆபீசுக்குப் போனாள். அங்கிருந்த அதிகாரி பொறுமையானவர். காகிதத்தைப் புரட்டினார்.

"ஒத்துவரலைன்னு எழுதிட்டாங்கம்மா. விடுங்க, நல்ல செய்திதானே."

"அந்த உடம்புல இன்னா இருந்துச்சின்னு போட்ருக்காங்களா சார்?"

"உயரம் போட்டிருக்கு. வலது கையில தீப்பட்ட வடு. இடுப்புல கறுப்புக் கயிறு, அதுல சின்னதா ஒரு வெள்ளிக் குழாய்." கண்ணாடியைக் கழற்றினார். "நம்ம ஆளு யாரோதான் பாவம். ஜூன் வரைக்கும் யாரும் வரலன்னா நம்பர் போட்டு அங்கயே பொதைச்சிடுவாங்க."

ஜெயம் எழுந்து கும்பிட்டாள். வெளியே வந்தாள். எந்த பஸ்ஸில் ஏறினாள், எப்படி வீடு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

அதற்கப்புறம் பத்தொன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. அவளைத் திட்டுவதற்கு முன்னால் அவள் இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். பேசாமல் இருந்தால் அவன் உயிரோடு இருக்கிறான். மேனகா பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறாள். ஜெயம் அவனுடைய அம்மா. வாயைத் திறந்தால் மூன்றும் போய்விடும். கிடைப்பது ஒரு பெட்டி. ஆனால் கிரைண்டரைப் போடும்போதெல்லாம், நம்பர் போட்ட குழிக்குள் அவன் தூக்கம் வராமல் புரள்கிறான் என்ற நினைப்பு வந்துவிடும். இருபதாம் நாள் காலையில் ஊறப்போட்ட அரிசியை அப்படியே விட்டுவிட்டு அரியாங்குப்பத்துக்குக் கிளம்பினாள்.

பார்வதி தனியாகத்தான் இருந்தாள். ஜெயம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"உன் ரத்தம் வேணும்க்கா."

"எனக்கும் அவனுக்கும் இன்னா இருக்குது?" பார்வதியின் குரல் உயரவேயில்லை. "அளந்து வாங்கிகினேனே."

"அக்கா..."

"உசுரோட இருக்கணும்னுதான்டி குடுத்தேன். எங்கிட்ட இருந்தா செத்துருவான்னுதான் குடுத்தேன். வேற எதுக்கு? நீ திருப்பிக் குடுக்கலன்னப்பகூட, போவட்டும், எங்கியோ மூச்சு வுட்டுகினு இருந்தா போதும்னு இருந்துட்டேன். இருபத்தாறு வருசம் பெரிம்மான்னு கூப்ட்டான். வாய மூடிகினு கேட்டேன். இப்ப பொணமானதுக்கப்புறம் எம்புள்ளைன்னு எடுத்தாந்து குடுக்கறியா?"

ஜெயம் பார்வதியின் காலைப் பிடித்தாள். பார்வதி காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை, அவளைத் தூக்கவும் இல்லை. "இடுப்புக் கயித்துல வெள்ளிக் குழாயா?" என்று மட்டும் கேட்டாள். "ஆமாக்கா." பார்வதி எழுந்து புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

மேனகாவிடம் அன்று சாயங்காலம் சொன்னாள் ஜெயம். மேனகா கத்தவில்லை. "ரத்தம் குடுக்கப் போனப்பவே சொல்லியிருந்தா நான் கேசரி கிண்டியிருக்க மாட்டேன் அத்த" என்றாள். அவள் ஜெயத்திடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

பார்வதியின் ரத்தத்தை எடுக்க வேண்டுமானால், பதிவில் இருக்கிற தாய், தான் தாயில்லை என்று எழுதித் தர வேண்டும் என்றார்கள். கோர்ட்டு வாசலில் பத்திரம் அடிக்கிறவர் படித்துக் காட்டினார்: "மேற்படி இளம்பரிதி என் வயிற்றில் பிறந்தவர் அல்ல."

"வளத்தவன்னு ஒரு வார்த்தை சேக்க முடியுமா சார்?"

"அதை அவங்க கேக்கலியேம்மா. இல்லாததப் போட்டா திருப்பி அனுப்பிடுவாங்க."

ஜெயம் கையெழுத்துப் போட்டாள். பாதிக் கையெழுத்தில் பேனா எழுதவில்லை. அவர் வேறு பேனா கொடுத்தார், முடித்தாள்.

பார்வதியின் ரத்தம் ஒத்துவந்தது.

ஆடி மாதம் சென்னை விமான நிலையத்தில் பார்வதி கைநாட்டு வைத்து மகனை வாங்கிக்கொண்டாள். வண்டி காலை பத்து மணிக்கு முதலியார்பேட்டைத் தெருவுக்குள் வந்தது. ஈயத்தில் பூட்டிய பெட்டி. திறக்கக் கூடாது என்று மேலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். அவனுடைய கல்யாண போட்டோவைப் பெட்டிமேல் சாத்தி வைத்தார்கள். அருளானந்தம் மெடல் இல்லாமல் வெள்ளைச் சட்டையில் வந்து ஓரமாக நின்றார். தெருவுக்கு இப்போது எல்லாம் தெரியும். பத்திரம் அடித்த இடத்திலிருந்து கதை அதற்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. மாலா ஜெயத்தின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாய்க்கரிசி போடுகிற நேரம் வந்தது. வாய் தெரியாததால் பெட்டியின் தலைமாட்டில் போடச் சொன்னார்கள். சடங்கு செய்ய வந்தவர் பாகூர்ப் பக்கத்து ஆள். இங்கே யார் எவர் என்று அவருக்குத் தெரியாது. கையில் இருந்த இறப்புக் காகிதத்தைப் பார்த்து, "பெத்தவங்க பார்வதியம்மா, மொதல்ல வாங்க" என்று குரல் கொடுத்தார்.

ஜெயம் அதற்குள் தட்டில் கைவிட்டு அரிசியை அள்ளியிருந்தாள். எழுந்து ஒரு அடியும் வைத்துவிட்டாள். இருபத்தேழு வருஷமாக, அம்மாவைக் கூப்பிடுங்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னாலும் ஆஸ்பத்திரியில் சொன்னாலும் எழுந்த உடம்பு அது. அவளைத் தாண்டிக்கொண்டு பார்வதி போனாள். பெட்டிமேல் விழுந்தாள். "எம்மவனே" என்று கத்தினாள். அவள் பிள்ளை காதில் அந்த வார்த்தையை ஒரு தரம்கூடச் சொன்னதில்லை. சொல்லாமல் வைத்திருந்த அத்தனையையும் ஈயப் பெட்டிக்குச் சொன்னாள். தெருவில் நின்றவர்கள் எல்லாரும் அழுதார்கள். அழாமல் நின்றவள் ஜெயம் ஒருத்திதான்.

சடங்குக்காரர் திரும்பினார். நடுவழியில் அரிசியோடு ஒரு அம்மா நிற்பதைப் பார்த்தார்.

"நீங்க இன்னா உறவும்மா?"

பார்வதி பெட்டியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. மேனகா திரும்பிப் பார்க்கவில்லை. யாராவது சொல்வார்கள் என்று ஜெயம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு அவளே சொன்னாள்.

"சின்னம்மா."

"அப்ப கொஞ்சம் பின்னாடி நில்லுங்க. சம்சாரம் போடட்டும், நெருங்கின ஜனங்க போடட்டும். அப்புறம் கூப்புட்றேன்."

ஜெயம் அரிசியை மூடிப் பிடித்தபடி வரிசையின் கடைசிக்குப் போய் நின்றாள்.